பள்ளிக்கூடத்து நர்ஸம்மா வருஷத்துக்கு ஒரு நாள்தான் வருவார்: கடலூர், புதுவைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

அரையாண்டு விடுமுறையில் மகளின் புத்தகப்பையைத் துவைக்க எடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் நாலாய் மடித்த ஒரு சீட்டு. பார்வைக் குறைபாடு, மேல் பரிசோதனைக்கு அனுப்பவும் என்று எழுதி ஆகஸ்ட் மாதத் தேதி போட்டிருந்தது. அப்போது டிசம்பர். அத்தனை மாதமும் போர்டில் எழுதுவதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். நானோ, "பாதி வரி காணோமே, எங்க வேடிக்கை பாக்குற?" என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தேன். ஏன்டி காட்டல என்று கேட்டதற்கு, "கண்ணாடி போடச் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது, பார்க்கிறது, சீட்டு எழுதித் தருகிறது. அதற்கப்புறம் அந்தச் சீட்டின் பின்னால் ஓட வேண்டியது நாம்தான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தங்கை குடும்பம் பாகூரில், புதுவை எல்லைக்குள். இரண்டு பக்கத்துப் பள்ளிகளிலும் அலைந்து தெரிந்துகொண்டதை ஜூனில் தொடங்கி வரிசையாக எழுதுகிறேன்.

ஜூன்: யாரைக் கேட்பது?

தினமும் ஓர் அறையில் உட்கார்ந்து காய்ச்சலும் காயமும் பார்க்கும் நர்ஸ், நம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பெரும்பாலும் கிடையாது. புதுவை காலாப்பட்டு நவோதயா மாதிரி பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் என்றால் செவிலியர் பணியிடமே உண்டு. (தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே இல்லை என்பதால் கடலூர்க்காரர்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.) மற்றவர்களுக்கு மூன்று பேர் முக்கியம்.

ஒன்று, வகுப்பாசிரியர். இரண்டு, உடல்நலப் பொறுப்பு ஆசிரியர். ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியபோது, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண், இதற்கென்று பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தார்கள். உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார் என்று தலைமையாசிரியரிடம் நேராகவே கேளுங்கள். மூன்றாவது ஆள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்: கிராம சுகாதார செவிலியர். புதுவையில் ஏ.என்.எம். என்பார்கள். தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் வழி அவர்தான். அவர் எண் உங்கள் போனில் இருக்கட்டும்.

தனியார் பள்ளி என்றால் கதை வேறு. அரசின் மருத்துவக் குழு அங்கே வருவதில்லை. "எங்களிடம் நர்ஸ் இருக்கிறார்" என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தால், அவர் படித்தது ஏ.என்.எம்.மா, ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி. நர்சிங்கா, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ஃபீஸ் கட்டும்போது கூச்சப்படாத நாம் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ஒரே ஒரு தாள்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் கையால் எழுதிய ஒரு தாளை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளி படிவம் தந்தால் அதை நிரப்பலாம். தராவிட்டாலும் நீங்களாகவே கொடுக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, ரத்த வகை, எடை. இளைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு, சர்க்கரை இருந்தால் அது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. இப்போது சாப்பிடும் மாத்திரைகள். போன் எண் இரண்டு. இரண்டாவது எண் பகலில் கட்டாயம் எடுப்பவருடையதாக இருக்க வேண்டும். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் அப்பாவின் எண்ணைக் கொடுத்துப் பயனில்லை, அத்தை எண்ணைக் கொடுங்கள்.

கடைசி வரியில், அவசரமென்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோர் வரட்டும் என்று ஆசிரியர்கள் தயங்கும் அந்த அரை மணி நேரம் மிச்சமாகும்.

வலிப்பு இருக்கிறது என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களே என்று பல அம்மாக்கள் மறைக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்த பிள்ளைக்கு வகுப்பில் வலிப்பு வந்தால் முதலில் ஓடி வருவது இரும்புச் சாவிதான். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகில் கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நினைவிருக்கும். ஆற்றோரத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் தடுப்பூசி அட்டை ஊறிக் கூழாகிவிட்டது. எல்லாத் தாளையும் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டு வையுங்கள். அட்டை தொலைந்தவர்கள், கடலூர்ப் பக்கம் என்றால், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணோடு சுகாதார செவிலியரிடம் போனால் பழைய பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

மருத்துவக் குழு வரும் நாள்

ஆர்.பி.எஸ்.கே. என்று ஆசிரியர்கள் சொல்வது, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை. அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பது விதி. திட்டப்படி ஒரு குழுவில் இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். நாள் முழுக்க எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தை வீணாக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

அவர்கள் தேடுவது நான்கு வகை: பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, பிள்ளைப்பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம். உயரம், எடை, கண், காது, பல், தோல், இதயச் சத்தம், கண் ரெப்பையை இழுத்து ரத்தசோகை என்று பார்த்துக்கொண்டே போவார்கள்.

முந்தின நாள் மூன்று வேலை. தலை வாரி, நகம் வெட்டி அனுப்புவது எல்லோரும் செய்வது. அதைவிட முக்கியம், நீங்கள் வீட்டில் கவனித்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்புவது. டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காருகிறான், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுக்கையில் சிறுநீர் போகிறது, இந்த மாதிரி. மருத்துவர் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மூன்றாவது, பிள்ளையிடம் ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லி வைப்பது. வெள்ளை வேனைப் பார்த்ததும் ஊசி வண்டி என்று கழிவறைக்குள் ஒளிந்த பையன்களை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பிள்ளை வந்ததும் பையைத் திறந்து பாருங்கள். சீட்டு இருக்கிறதா? இல்லையென்றாலும் மறுநாள் ஆசிரியரிடம், "என் பிள்ளை பேரு பரிந்துரை லிஸ்ட்ல இருக்கா டீச்சர்?" என்று கேட்டுவிடுங்கள். பட்டியல் அவர்களிடம் இருக்கும்.

சீட்டு இருந்தால் எங்கே போவது என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்: ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, இல்லையென்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். இந்த மையம் காது கேளாமை, பேச்சுத் தாமதம், கற்றல் சிரமம், பிறவிக் கோளாறு போன்றவற்றுக்கு. கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. தெற்கே சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலைநகரில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, அதாவது முன்பு ராஜா முத்தையா என்று நாம் சொன்னது. புதுவையில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. ஜிப்மர் மத்திய அரசுடையது என்பதால் கோரிமேட்டுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் போகலாம், போகிறோம்.

எல்லையோரக் குடும்பங்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. வீடு ரெட்டிச்சாவடியில், பள்ளி கன்னியக்கோயிலில் என்றால் பரிசோதனை செய்வது பள்ளி இருக்கும் ஊரின் குழு. ஆனால் பெரிய சிகிச்சைக்கான காப்பீடு ரேஷன் அட்டை இருக்கும் ஊரைப் பொறுத்தது. தமிழ்நாட்டு அட்டை வைத்திருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. இதய அறுவைச் சிகிச்சை, காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி எல்லாம் அதில் வருகின்றன. சீட்டு வந்த பிறகு அட்டைக்கு அலைந்தால் மாதங்கள் ஓடிவிடும். காக்ளியருக்கு அந்த மாதங்கள் பெரிய விஷயம், பிள்ளை சின்னதாக இருக்கும்போதே பொருத்தினால்தான் பேச்சு வரும்.

மருத்துவமனையில் பார்த்து முடித்ததும் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வாங்கி, அதன் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை முன் பெஞ்சில் உட்கார வேண்டுமா, வேண்டாமா என்பது கூட அதில்தான் தெரியும்.

நீலம், ரோஜா, வெள்ளை

பள்ளியில் தரும் மாத்திரை மூன்று நிறம். 5 முதல் 9 வயது வரை ரோஜா நிற இரும்புச்சத்து மாத்திரை, 10 முதல் 19 வரை நீலம். வாரத்துக்கு ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். டீ, காபி, பாலோடு சேர்த்தால் சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும் பழக்கம் பெண் பிள்ளைகளிடம் அதிகம். சோர்வு, மூச்சு வாங்கல், மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசை, இதெல்லாம் ரத்தசோகையின் அடையாளம் என்று சொல்லிக் கொடுத்தால் விழுங்குவார்கள்.

வெள்ளை மாத்திரை பூச்சிக்கு: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அன்று விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் தருவார்கள். மழை, விடுமுறை பார்த்துத் தேதி முன்னே பின்னே போகும். நன்றாகக் கடித்து மென்று தின்ன வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வயிற்றில் பூச்சி நிறைய இருக்கும் பிள்ளைக்கு லேசாக வயிற்று வலி, குமட்டல் வரலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

ஊசி விஷயம் சுருக்கமாக: 5 முதல் 6 வயதில் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்க ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. (Td). பழைய டி.டி. (TT) ரணஜன்னிக்கு மட்டும். இப்போது போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் போன வருஷமே போட்டாச்சு என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

பள்ளியில் மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளைகள்

ஆசிரியர் தானாக எந்த மாத்திரையும் தரக்கூடாது, தர மாட்டார். அது சரியும்கூட. அதனால் மருத்துவர் எழுதிய சீட்டின் நகல், உங்கள் கடிதம், பெயர் எழுதி ஒட்டிய மருந்து, மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அவசரத்தில் ஆசிரியர் கை தயங்கும்.

இளைப்புள்ள பிள்ளையின் இன்ஹேலர் பிள்ளையிடமே இருக்க வேண்டும். என் மகனுடையதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி வைத்திருந்தவர் அன்றைக்கு விடுப்பு. மூச்சு இழுக்க இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் வீட்டிலிருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஓடினேன். மறுநாளே தலைமையாசிரியரிடம் பேசி, ஒன்று அவன் பையில், ஒன்று வகுப்பாசிரியர் மேசையில் என்று முடிவாயிற்று. இழுத்தும் அடங்கவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் யோசிக்காமல் 108.

டைப் 1 சர்க்கரை இருக்கும் பிள்ளைக்கு இன்சுலின் போட ஒதுக்குப்புறமான இடமும், வகுப்பு நடுவே தின்ன அனுமதியும் வேண்டும். வேர்வை, நடுக்கம், திடீர்க் கோபம், மயக்கம் என்றால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். நினைவிருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று யோசித்து நிற்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், பக்கத்தில் உட்காரும் தோழி, மூன்று பேருக்கும் சொல்லி வையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மே மாதக் கடலூர் வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் இன்சுலினை வைக்க, ஈர மணலில் புதைத்த மண்பானை நன்றாக உதவும்.

இனி இரும்புச் சாவி. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் யாரோ சாவியைக் கையில் திணித்திருப்பார்கள், சாவிக்குப் பேர் வந்துவிட்டது. செய்ய வேண்டியது: சுற்றிலும் இருக்கும் பெஞ்சுகளை நகர்த்துவது, தலைக்கடியில் ஏதாவது மெத்தென்று வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கடிகாரம் பார்ப்பது. பிடித்து அமுக்க வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. இதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வகுப்புச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

எப்போது வீட்டில் வைத்துக்கொள்வது?

காய்ச்சல் மாத்திரை போடாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால் அனுப்பலாம். காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், உங்களுக்கும் தெரியும்.

நம்மூரில் பெரிய குழப்பம் அம்மை. சின்னம்மையில், கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை தொற்றும். வேப்பிலை கட்டி, வேற்று வீட்டுக்குப் போகாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தனியாக வைக்கும் நம் வழக்கம் இந்தக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதில் எனக்குச் சண்டையில்லை. அம்மா வந்திருக்கும்போது மருத்துவரிடம் போகக் கூடாது என்பதில்தான் சண்டை. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், பிள்ளை ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் விடாமல் அடித்தால், அன்றைக்கே காட்டுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மைத் தடுப்பூசி அரசு இலவச அட்டவணையில் இல்லை, வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும்.

தட்டம்மை வேறு. தடிப்பு தோன்றி நான்கு நாள் கழித்து அனுப்பலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் பள்ளி பள்ளியாகப் போட்ட எம்.ஆர். ஊசி இதற்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் வீடு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கண் மஞ்சளானதிலிருந்து குறைந்தது ஒரு வாரம் பள்ளி வேண்டாம். மெட்ராஸ் ஐக்குப் பூளை தள்ளுவது நிற்கும்வரை. பேனுக்கு லீவு போட வேண்டியதில்லை, சீப்பு போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சலை டெங்கு என்று நினைத்தே பாருங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கு அனுப்பத் தோன்றும், டெங்குவில் ஆபத்து அப்போதுதான் தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்தே கிடப்பது: மருத்துவமனை.

கழிவறை, வாசல் கடை, மனசு

பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் ஏராளம். நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி எல்லாம் அதன் பின்னே வரும். தண்ணீர் பாட்டில் திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். முழுதாய் வந்தால் கழிவறையைப் பற்றிக் கேளுங்கள், அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் இருக்கிறது. எந்த ஆசிரியையிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தால், தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டார்களா என்பதும் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விதான்.

பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் பொட்டலங்களும் அதில் அடக்கம். கடைக்காரரிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம், தலைமையாசிரியர் மூலம் எழுத்தாகப் புகார் கொடுங்கள்.

காலையில் வயிற்று வலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரியாகிவிடுகிறது என்றால் வயிற்றை மட்டும் பார்க்காதீர்கள். அடியோ அவமானமோ இருக்கலாம். உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

பள்ளி மாறும்போது

தேர்வு நேரத்தில் நீண்ட நாள் விடுப்பு என்றால், தொடங்கிய நாளும் முடிந்த நாளும் போட்ட மருத்துவச் சான்றிதழை அப்போதே வாங்குங்கள். புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. என்பதால் 75 சதவீத வருகைக் கணக்கு அங்கே கறாராக வரும். நோய்க்குத் தளர்வு உண்டு, ஆனால் தாள் வேண்டும்.

கடலூரிலிருந்து புதுவைக்கோ அங்கிருந்து இங்கோ பிள்ளையை மாற்றுகிறீர்கள் என்றால், டி.சி. வாங்கும் அன்றே மருத்துவப் பரிசோதனை அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது தானாக எல்லையைத் தாண்டி வராது. தங்கை மகளை ஐந்தாம் வகுப்பில் மாற்றியபோது, பழைய பள்ளியில் அட்டையைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. புதுப் பள்ளியில் அதைப் பார்த்த ஆசிரியை முதலில் கேட்டது, "இதுல காது டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கே, போனீங்களா?"